இரத்தம் திரும்பும் வேளை: இதயச் செல்களின் ஆற்றல் நிலையங்களைக் காத்தல்

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அடைப்பை நீக்கியாயிற்று, இரத்தம் நன்றாக ஓடுகிறது என்று சொன்னீர்களே, டாக்டர். பிறகு ஏன் இதயத் தசை பலவீனமாக இருக்கிறது என்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. குழாயில் அடைப்பு இருந்தது, அதை நீக்கினார்கள், தண்ணீர் மீண்டும் வருகிறது என்றால் சிக்கல் தீர்ந்தது என்றே எவரும் எண்ணுவார்கள். ஆனால் இதயம் வெறும் குழாய்களின் தொகுப்பு அன்று. அந்தக் குழாய்களின் வழியே வரும் ஆக்சிஜனை நம்பி வாழும் கோடிக்கணக்கான உயிருள்ள செல்களால் ஆனது அது. இரத்த ஓட்டம் தடைப்பட்டபோது அந்தச் செல்களுக்குள் என்ன நடந்தது, ஓட்டம் திரும்பியபோது என்ன நடந்தது என்பதை அறிந்தால்தான் மேற்கண்ட கேள்விக்கு விடை கிடைக்கும். அந்த விடையின் மையத்தில் இருப்பவை மைட்டோகாண்ட்ரியா எனப்படும் நுண்ணுறுப்புகள்.

ஓய்வறியா உறுப்பு

நம் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. கைத்தசையோ கால்தசையோ களைத்தால் சற்று நேரம் ஓய்வு கொள்ளலாம். இதயத் தசைக்கு அந்த வசதி இல்லை. இந்த இடைவிடாத உழைப்புக்கு வேண்டிய ஆற்றலை ஏடிபி என்னும் சிறு மூலக்கூறு வழங்குகிறது. செலவுக்குப் பயன்படும் சில்லறைக் காசு போன்றது ஏடிபி. வியப்பு என்னவென்றால், இதயச் செல்லின் கையிருப்பில் உள்ள ஏடிபி சில நொடித் துடிப்புகளுக்கு மட்டுமே போதும். ஆகவே அது நொடிதோறும் புதிதாக உண்டாக்கப்பட வேண்டும். சுமார் 300 கிராம் எடையுள்ள இதயம், ஒரு நாளில் உண்டாக்கிச் செலவிடும் ஏடிபியின் மொத்த எடை பல கிலோகிராம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த உற்பத்தியில் மிகப் பெரும் பங்கு மைட்டோகாண்ட்ரியாவில் நடைபெறுகிறது. இலங்கைப் பாடநூல்களில் இவற்றை இழைமணி என்று படித்தவர்கள் இருப்பார்கள். இதயத் தசைச் செல் ஒன்றின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இவையே நிரப்பியிருக்கின்றன. உழைப்பு மிகுதியான இடத்தில் ஆற்றல் நிலையங்களும் மிகுதியாக இருப்பது இயல்பே.

ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியாவையும் ஒரு நீர்மின் நிலையமாக எண்ணிப் பாருங்கள். உணவிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்கள் அதன் உள் சவ்வில் உள்ள ஒரு தொடர்வரிசையின் வழியே கைமாறிச் சென்று, இறுதியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அந்தப் பயணத்தில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு, ஹைட்ரஜன் அயனிகள் சவ்வின் ஒரு பக்கத்தில் அணை நீர் போலத் தேக்கப்படுகின்றன. தேங்கிய அயனிகள் ஒரு நுண்ணிய டர்பைனின் வழியே திரும்பப் பாயும்போது அது சுழன்று ஏடிபியை உண்டாக்குகிறது. இந்த 'அணை'த் தத்துவத்தை விளக்கியமைக்காகப் பீட்டர் மிட்செல் 1978ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். டர்பைன் எவ்வாறு ஏடிபியை ஆக்குகிறது என்பதைத் தெளிவாக்கியதற்காகப் பால் போயர், ஜான் வாக்கர் ஆகிய இருவருக்கும் 1997இல் அப்பரிசில் பங்கு கிடைத்தது.

இந்த ஏற்பாடு முழுவதும் ஆக்சிஜனை நம்பியே இருக்கிறது. எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொள்ள ஆக்சிஜன் இல்லையென்றால் தொடர்வரிசை அப்படியே நின்றுவிடும்.

இரத்தம் நின்ற நிமிடங்கள்

இதயத் தமனி ஒன்றில் படிந்திருந்த கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைக்கும்போது மாரடைப்பு நேர்கிறது. அடைபட்ட ஒரு நிமிடத்துக்குள்ளாகவே அந்தப் பகுதித் தசை சுருங்குவதை ஏறத்தாழ நிறுத்திவிடுகிறது. ஆனால் செல்கள் அப்போது இறந்துவிடவில்லை. ஆற்றல் பற்றாக்குறையை உணர்ந்து, உயிரைக் காத்துக்கொள்வதற்காக வேலையைக் குறைத்துக்கொள்கின்றன.

ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்துச் சிறிதளவு ஏடிபியைப் பெறச் செல் முயல்கிறது. அதன் விளைவாக அமிலம் சேர்கிறது. அமிலத்தை வெளியேற்றுவதற்குச் செல் சோடியத்தை உள்ளே விட வேண்டியுள்ளது. சோடியத்தை வெளியேற்றக் கால்சியத்தை உள்ளே விட வேண்டியுள்ளது. ஒரு கடனை அடைக்க வேறொரு கடன் வாங்கும் குடும்பத்தின் நிலை இது. இதற்கிடையில் மைட்டோகாண்ட்ரியாவின் டர்பைனும் திசை மாறுகிறது. ஏடிபியை உண்டாக்க வேண்டிய அது, அணையின் நீர்மட்டம் குறையாமல் இருப்பதற்காக மிஞ்சியிருக்கும் ஏடிபியையே செலவழித்து அயனிகளை ஏற்றத் தொடங்குகிறது.

ஏறத்தாழ 20 நிமிடங்களுக்குள் இரத்த ஓட்டம் திரும்பினால் பெரும்பாலான செல்கள் மீண்டுவிடும். அதற்குப் பிறகு மீள முடியாத இழப்பு தொடங்குகிறது. 1977இல் ரைமர், ஜென்னிங்ஸ் ஆகியோரின் குழு நாய்களின் இதயத்தில் நடத்திய ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. செல் இறப்பு இதயச் சுவரின் உட்புறத்தில் தொடங்கி, அலை போல வெளிப்புறம் நோக்கிப் பரவுகிறது. அடைப்பு 40 நிமிடம் நீடித்தபோது பாதிப்புப் பகுதியில் சுவரின் கனத்தில் 38 விழுக்காடும், 3 மணி நேரம் நீடித்தபோது 57 விழுக்காடும், 6 மணி நேரத்தில் 71 விழுக்காடும் இறந்திருந்தன. மனித இதயத்தில் இந்த வேகம் ஆளுக்கு ஆள் மாறுபடும். மாற்றுக் குழாய்கள் எவ்வளவு இருக்கின்றன, அடைப்பு முழுமையானதா என்பவற்றைப் பொறுத்தது அது. எனினும் அலை பரவும் திசையும், காலத்தோடு இழப்பு வளரும் முறையும் ஒன்றே.

இரத்தம் திரும்பும்போது

இரத்தம் நின்றதால் தீங்கு வந்தது என்றால், இரத்தம் திரும்பியதும் தீங்கு நின்றுவிட வேண்டும் அல்லவா? பெருமளவுக்கு அப்படித்தான். அடைப்பை நீக்குவதைவிட மேலான காப்பு எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. ஆயினும் இரத்தம் திரும்பும் முதல் சில நிமிடங்களில் புதிய சேதம் ஒன்று நிகழ்கிறது. மறு இரத்த ஓட்டச் சேதம் என்று இதனை அழைக்கலாம். ஜென்னிங்ஸின் குழு 1960ஆம் ஆண்டிலேயே இதன் அறிகுறிகளைக் கண்டு பதிவுசெய்தது. விலங்கு ஆய்வுகளின் அடிப்படையில், இறுதியாக இழக்கப்படும் தசையில் பாதி வரை இதனால் ஏற்படக்கூடும் என்று கருதும் ஆய்வாளர்கள் உள்ளனர்.

இச்சேதத்துக்கு மூன்று காரணங்கள் ஒன்றுகூடுகின்றன.

முதலாவது, ஆக்சிஜனின் திடீர் வருகை. இரத்தம் நின்றிருந்தபோது மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்னும் பொருள் தேங்கிவிடுகிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு இதன் பங்கை விளக்கியது. ஆக்சிஜன் வந்த மறுகணம் இந்தச் சக்சினேட் மிக வேகமாக எரிகிறது. எலக்ட்ரான்கள் தொடர்வரிசையில் பின்னோக்கிப் பாய்ந்து, வழிதவறி ஆக்சிஜனோடு இணைந்து, கண்டதையெல்லாம் அரிக்கும் வீரியமிக்க மூலக்கூறுகளாக மாறுகின்றன. பல நாள் மூடிக் கிடந்த அடுப்பங்கரையில் எரிவாயு கசிந்து தேங்கியிருக்க, எவரோ விளக்கை ஏற்றியது போன்ற நிலை.

இரண்டாவது, கால்சியத்தின் பெருக்கு. செல்லுக்கு வெளியே இருந்த அமிலத்தைப் புதிய இரத்தம் கழுவிச் செல்வதால், உள்ளே இருக்கும் அமிலம் விரைந்து வெளியேறுகிறது. அதற்கு ஈடாகச் சோடியமும், சோடியத்துக்கு ஈடாகக் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. மிகுந்த கால்சியத்தை மைட்டோகாண்ட்ரியா தன்னுள் வாங்கிக்கொள்ள முயல்கிறது.

மூன்றாவது, ஒரு வாயில். மைட்டோகாண்ட்ரியாவின் உள் சவ்வில், இயல்பாக மூடியே இருக்கும் பெருந்துளை ஒன்று நெருக்கடியில் திறந்துகொள்ளக்கூடும். அமிலம் மிகுந்திருக்கும்வரை அது மூடியிருக்கிறது. இரத்தம் திரும்பி அமிலம் நீங்கியதும், கால்சியமும் வீரிய மூலக்கூறுகளும் சேர்ந்து அதைத் திறந்துவிடுகின்றன. துளை திறந்தால் தேக்கிவைத்த அயனிகள் அனைத்தும் வடிந்துவிடும். அணை உடைந்தது போலத்தான். மைட்டோகாண்ட்ரியா நீர் புகுந்து வீங்கி வெடிக்கிறது. போதுமான எண்ணிக்கையில் அவை வெடித்தால், அந்தச் செல் மீள்வதற்கு வழியில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரத்தம் திரும்புவதிலும் ஆபத்து உண்டு என்று அறிந்த சிலர், "அப்படியானால் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யாமலே விட்டிருக்கலாமோ?" என்று கலங்குகிறார்கள். இல்லவே இல்லை. அடைப்பை நீக்காமல் விட்டால் அந்தத் தசை ஏறத்தாழ முழுவதும் இறந்துவிடும். இரத்தம் திரும்புவதால் காப்பாற்றப்படும் தசை, அதனால் இழக்கப்படும் தசையைவிடப் பன்மடங்கு அதிகம். கேள்வி, காப்பாற்றுவதை இன்னும் நன்றாகச் செய்ய முடியுமா என்பதுதான்.

இதயம் கற்றுத்தந்த பாடம்

1986இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் ஆகியோர் வியப்பூட்டும் ஒன்றைக் கண்டனர். ஒரு தமனியை 5 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்து, இவ்வாறு நான்கு முறை செய்தபின் 40 நிமிட நீண்ட அடைப்பை ஏற்படுத்தினார்கள். ஏற்கெனவே நான்கு முறை துன்புற்ற இதயம் கூடுதலாகச் சேதமடையும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் இறந்த தசையின் அளவு, முன்பயிற்சி பெறாத இதயங்களில் கண்டதில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. சிறு சிறு நெருக்கடிகள் இதயத்தைப் பெரு நெருக்கடிக்கு ஆயத்தப்படுத்தியிருந்தன. அந்தக் காப்பு இறுதியில் சென்று சேரும் இடம் மைட்டோகாண்ட்ரியாதான் என்றும், முன்பயிற்சி பெற்ற செல்லில் அந்தப் பெருந்துளை எளிதில் திறப்பதில்லை என்றும் பிற்கால ஆய்வுகள் காட்டின.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. நீண்ட அடைப்பு 40 நிமிடத்துக்குப் பதிலாக 3 மணி நேரம் நீடித்தபோது, முன்பயிற்சியால் பலன் ஏதும் கிடைக்கவில்லை. இதயத்தின் தற்காப்பு இறப்பைத் தள்ளிப்போடுகிறது, தடுத்து நிறுத்துவதில்லை. அந்தத் தள்ளிப்போன நேரத்துக்குள் அடைப்பை நீக்கினால்தான் பயன்.

மாரடைப்புக்கு முந்தைய நாளில் விட்டு விட்டு நெஞ்சுவலி வந்தவர்களுக்குச் சில வேளைகளில் சேதம் சற்றுக் குறைவாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். இது இயற்கையான முன்பயிற்சியாக இருக்கலாம். ஆனால் விட்டு விட்டு வரும் நெஞ்சுவலியை நல்லதென எண்ணி வீட்டில் இருந்துவிடக் கூடாது. அது பெரும் மாரடைப்பின் முன்னறிவிப்பு. உடனே மருத்துவமனைக்கு வருவதற்கான அழைப்பு.

ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியின் படுக்கைக்கு

துளை திறப்பதைத் தடுத்தால் மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கலாமே என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. உறுப்பு மாற்றம் பெற்றவர்களுக்குக் கொடுக்கப்படும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்துக்கு அந்தத் துளையை மூடிவைக்கும் ஆற்றல் உண்டு. 2008இல் பிரெஞ்சு மருத்துவர்கள் 58 மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்திய சிறிய ஆய்வில், அடைப்பை நீக்குவதற்குச் சற்று முன் இந்த மருந்தைச் செலுத்தியபோது சேதம் குறைந்ததாகத் தெரிந்தது. உலகெங்கும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் 2015இல் வெளியான, 970 பேர் பங்கேற்ற பெரிய ஆய்வில் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை.

இன்னொரு முயற்சி இதைவிட எளியது. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, சில நிமிடம் இறுக்கி, சில நிமிடம் தளர்த்தி, இப்படிப் பலமுறை செய்தால், கையில் தோன்றும் நெருக்கடிச் செய்தி இதயத்தைச் சென்று சேர்ந்து அதனைக் காக்கும் என்பது கருத்து. செலவில்லாத முறை, ஆபத்தில்லாத முறை, தொடக்க ஆய்வுகளும் ஊக்கமளித்தன. 5,400க்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்று 2019இல் முடிவு வெளியான ஐரோப்பிய ஆய்வு, இறப்பையோ இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதையோ இந்த முறை குறைக்கவில்லை என்று காட்டியது.

விலங்குகளில் வென்ற முறைகள் மனிதரிடம் ஏன் தோற்றன? ஆய்வாளர்கள் பல காரணங்களைக் கூறுகின்றனர். ஆய்வுக்கூட விலங்குகள் இளமையும் உடல்நலமும் உடையவை. நம் நோயாளிகளோ பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையவர்கள். அவர்கள் உட்கொள்ளும் மருந்துகள் சில ஏற்கெனவே ஓரளவு காப்பைத் தரக்கூடும். அடைப்பு நீங்கும் அந்தக் கணத்தில் மருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போதிய அளவில் சென்று சேர்வதும் கடினம். சேதமும் ஒரே வழியில் வருவதில்லை. நுண்ணிய இரத்தக்குழாய்கள் அடைபடுவதும் வீக்கமும் தம் பங்குக்குச் சேர்கின்றன. ஆகவே பல வழிகளை ஒருசேர அடைக்கும் முறைகளையும், சக்சினேட் எரிவதைத் தணிக்கும் மருந்துகளையும் இப்போது ஆராய்ந்து வருகிறார்கள்.

இன்றைய நிலையில், மாரடைப்பின்போது மைட்டோகாண்ட்ரியாவைக் காப்பதற்கென்றே நிறுவப்பட்ட தனி மருந்து நடைமுறையில் இல்லை. அப்படி ஒன்று இருப்பதாக எவரேனும் கூறி மாத்திரையோ பொடியோ விற்றால், அதை வாங்குவதற்கு முன் தயவுசெய்து எங்களிடம் கேளுங்கள்.

அறுவை அரங்கில் வென்ற காப்பு

ஓரிடத்தில் மட்டும் இந்தக் காப்பு நாள்தோறும் வெற்றிபெறுகிறது. திறந்த இதய அறுவை சிகிச்சையின்போது மருத்துவர்கள் இதயத்துக்குச் செல்லும் இரத்தத்தைத் தாங்களே நிறுத்துகிறார்கள். எப்போது நிறுத்துவது, எப்போது திறப்பது என்பது அவர்கள் கையில் இருக்கிறது. நிறுத்துவதற்கு முன்பே ஆயத்தம் செய்துகொள்ள முடிகிறது.

இதயத்தைக் குளிர்வித்தால் அதன் தேவை குறையும் என்று கனடாவின் வில்பிரட் பிகிலோ 1950இல் காட்டினார். பொட்டாசியம் கலந்த கரைசலைச் செலுத்தி இதயத்தைத் துடிப்பற்ற நிலையில் நிறுத்தும் முறையை இலண்டனில் டெனிஸ் மெல்ரோஸ் 1955இல் அறிமுகப்படுத்தினார். பின்னர் கரைசலின் சேர்மானம் திருத்தப்பட்டு, 1970களில் பாதுகாப்பான முறையாக நிலைபெற்றது. துடிக்காத, குளிர்ந்த இதயத்துக்கு வேண்டிய ஏடிபி மிகக் குறைவு. எனவே மைட்டோகாண்ட்ரியா நெருக்கடியைத் தாங்குகிறது. கொடையாகப் பெற்ற இதயத்தைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வதும் இதே அடிப்படையில்தான். அப்படியிருந்தும் ஏறத்தாழ 4 மணி நேரத்துக்குள் அதைப் பொருத்திவிடவே மருத்துவர்கள் முயல்கிறார்கள். கொடை இதயத்தைக் கொண்டுசெல்லும் ஆம்புலன்சுக்காகப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தி வழிவிடச் செய்வது இதற்காகவே.

இன்று நம் கையில் உள்ள மருந்து

மாரடைப்பு முன்னறிவித்து வருவதில்லை. ஆகவே அங்கே மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கும் மிகச் சிறந்த வழி, அடைபட்டிருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான். அந்த நேரத்தின் ஒரு பகுதி மருத்துவமனையின் பொறுப்பு. நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடங்களுக்குள் இசிஜி எடுக்க வேண்டும். ஆஞ்சியோபிளாஸ்டி வசதி உள்ள இடத்தில் 90 நிமிடங்களுக்குள் அடைப்பை நீக்க முயல வேண்டும். 120 நிமிடங்களுக்குள் அத்தகைய இடத்தில் சிகிச்சை பெற இயலாது எனில், தகுதியுள்ளவர்களுக்கு உறைவைக் கரைக்கும் ஊசியை உடனே செலுத்த வேண்டும் என்பவை நெறிமுறைகள்.

தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடும் ஆம்புலன்ஸ் சேவையோடும் இணைத்து நடத்திய திட்டத்தின் விளைவு 2017இல் வெளியானது. 2,420 நோயாளிகளை ஆராய்ந்த அதில், ஓராண்டுக்குள் நேர்ந்த இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்திருந்தது. புதிய மருந்து எதுவும் அதில் இல்லை. இருக்கும் சிகிச்சை உரியவரைச் சென்று சேர வழி அமைத்ததே அதன் சாதனை. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

நேரத்தின் எஞ்சிய பகுதி வீட்டில் கழிகிறது. வலி தொடங்கியதிலிருந்து உதவியை நாடும்வரை உள்ள நேரத்தை எந்த மருத்துவராலும் குறைக்க இயலாது. "வாயுப் பிடிப்பாக இருக்கும்", "காலையில் பார்த்துக்கொள்ளலாம்", "மகன் வரட்டும்" என்று கழியும் ஒவ்வொரு மணியும் அந்த இறப்பு அலையை இதயச் சுவரில் இன்னும் சற்று நகர்த்துகிறது.

ஆக்சிஜனும் வைட்டமினும்

ஆம்புலன்சில் ஆக்சிஜன் வைக்கவில்லையே என்று வருந்தும் குடும்பத்தினர் உண்டு. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறைந்திருந்தால் அது கட்டாயம் வேண்டும். அளவு போதுமானதாக இருப்பவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதால் பயனில்லை என்பதை, 6,629 பேரிடம் சுவீடனில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தமனி அடைபட்டிருக்கையில் இரத்தத்தில் ஆக்சிஜனைக் கூட்டினாலும், அது அடைப்பைத் தாண்டிச் செல்வதற்கு வழியில்லை.

வீரிய மூலக்கூறுகள்தான் தீங்கு செய்கின்றன என்றால் அவற்றை முறிக்கும் வைட்டமின் மாத்திரைகளை விழுங்கலாமே என்றும் கேட்கிறார்கள். இதய நோய் அபாயம் மிக்க 20,536 பேருக்கு வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் ஆகியவற்றை ஐந்தாண்டுகள் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. அவற்றால் மாரடைப்பும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை. அந்தப் பணத்துக்குக் காய்கறியும் பழமும் வாங்குவது நலம்.

திகைத்து நிற்கும் தசை

இப்போது தொடக்கக் கேள்விக்கு வருவோம். அடைப்பு நீங்கியபின் எக்கோ பரிசோதனையில் பலவீனமாகத் தெரியும் தசை முழுவதும் இறந்த தசை அன்று. அதில் ஒரு பகுதி இறந்திருக்கலாம். அது காலப்போக்கில் தழும்பாக மாறும். மற்றொரு பகுதி உயிரோடிருந்தும் வேலை செய்யாமல் திகைத்து நிற்கிறது. மைட்டோகாண்ட்ரியா சீராகி, கால்சியத்தின் ஒழுங்கு திரும்பி, அந்தச் செல்கள் மீண்டும் சுருங்கத் தொடங்குவதற்குச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். எனவேதான் முதல் எக்கோவின் எண்ணைக் கண்டு மனம் தளர வேண்டாம் என்கிறோம். சில வாரங்கள் கழித்து எடுக்கும் எக்கோவே மீட்சியின் அளவைச் சரியாகக் காட்டும். சிலருக்கு எண் நன்கு உயரும். சிலருக்குச் சற்றே உயரும். சிலருக்கு உயராமலும் போகும். எந்த நிலையிலும் உதவும் மருந்துகள் இருக்கின்றன.

இந்தக் காலத்தில் நோயாளியும் குடும்பத்தினரும் செய்ய வேண்டியவை சில.

மருந்துகளை ஒரு வேளையும் தவறவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென அடைபட்டு, முன்பு காப்பாற்றிய அதே தசையை இழக்க நேரிடலாம். பல் மருத்துவரோ வேறு மருத்துவரோ நிறுத்தச் சொன்னாலும் எங்களைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

புகையை அடியோடு விடுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிகோட்டின் இதயத்தின் வேலையைக் கூட்டுகிறது. வீட்டில் பிறர் புகைப்பதும் நோயாளிக்குத் தீங்கே.

மருத்துவர் அனுமதித்த அளவில் நடையைத் தொடங்குங்கள். வழிகாட்டலோடு கூடிய இதய மறுவாழ்வுப் பயிற்சி, இதய நோயால் நேரும் இறப்பையும் மீண்டும் மருத்துவமனையில் சேர்வதையும் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. சீரான உடற்பயிற்சி பெற்ற விலங்குகளின் இதயம் இரத்தத் தடையை நன்கு தாங்குவதும் கண்டறியப்பட்டுள்ளது. நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைத்திருங்கள்.

மீண்டும் நெஞ்சில் அழுத்தமோ எரிச்சலோ, கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலியோ, காரணமற்ற வியர்வையோ மூச்சுத் திணறலோ தோன்றினால் காத்திராமல் 108ஐ அழையுங்கள். பெண்களுக்கும் முதியோருக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் மூச்சிரைப்பும் மட்டும் வரக்கூடும். நோயாளி தாமே வண்டி ஓட்டி வருதல் கூடாது. மருத்துவமனைச் சீட்டையும் மருந்துப் பட்டியலையும் கதவருகே எடுத்துச் செல்ல ஏதுவான இடத்தில் வைத்திருங்கள்.

இறுதியாக ஒன்று. "இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கூட்டி வந்திருந்தால்..." என்று தம்மையே நொந்துகொண்டு எங்கள் முன் அமர்ந்திருக்கும் மனைவியரையும் பிள்ளைகளையும் நாங்கள் பார்க்கிறோம். அந்த வருத்தத்தை எங்களால் போக்க இயலாது. ஆனால் நீங்கள் அழைத்து வந்ததால்தான் அந்த அலை வழியில் நிறுத்தப்பட்டது. நிறுத்தப்பட்ட இடத்துக்கு அப்பால் உள்ள தசை அத்தனையும் இன்று துடித்துக்கொண்டிருக்கிறது. திகைத்து நிற்கும் பகுதிக்கு இப்போது வேண்டியது சில வாரக் காலமும், தவறாத மருந்தும், மெல்லக் கூடும் நடையும். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது முதல் எக்கோ அறிக்கையையும் மறவாமல் எடுத்து வாருங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, எவ்வளவு மீண்டிருக்கிறது என்பதைச் சேர்ந்தே பார்ப்போம்.